ஒரு முழத்தில் நூறு ராத்தல்

நட்டின்மேல் ஸ்பானரை மாட்டி, ஸ்பானரின் கடைசியில் உள்ள துளையில் வில் தராசின் கொக்கியைக் கோத்து, தராசை இரு கைகளாலும் பற்றிக்கொண்டபின், இழுப்பதற்கு முன்னால் பரக்கத் அலி மூச்சை நிறுத்திக்கொள்வார். பிறகு இழுப்பார். பித்தளைத் தகட்டின்மேல் முள் அறுபது, எழுபது, எண்பது ராத்தல் என்று நகரும். அப்போது அவருடைய ஒரு கண் முள்ளிலும் மற்றொரு கண் நட்டிலும் இருக்கும். இதை நான் அணிநயம் கருதிச் சொல்லவில்லை, அவருக்கு மாறுகண். முள் நூறைத் தொட்டதும் கையைத் தளர்த்தி, காதில் செருகியிருக்கும் சுண்ணக் கட்டியை எடுத்து, நட்டுக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அதன் பிறகே மூச்சை விடுவார்.

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் போகும் காலை வண்டி ஏழு மணிக்குப் புறப்படும் என்பது பலகையில் எழுதப்பட்ட செய்தி. யுத்தத்தால் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபின் கரிவாயுவுக்காக முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடும் அவ்வண்டி, அடுப்பு நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகும், கண்டக்டர் மும்முறை ஊதிய பிறகும், பரக்கத் அலி கடைசி நட்டில் கோடு இழுக்கும்வரை அசையாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். "சித்த இருங்க சாமி. வண்டி போறதுக்கு முன்னாடி சக்கரம் போயிரப்படாது பாருங்க" என்பார், குனிந்த தலையை நிமிர்த்தாமலே.

அந்த மோட்டார் ஷெட்டுக்கு நேர் எதிரே பதினோர் ஆண்டுகளாக நான் குடியிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். கல்லூரியில் இலக்கணமும் உரைநடையும் முறையாகப் பயின்றவன். எதையும் வகுத்து, தொகுத்து, எண்ணிட்டுக் கூறாவிட்டால் எனக்கு உணவு செரிக்காது. இத்தகைய ஒருவன், தன்னைக் காட்டிலும் ஒழுங்கான மனிதர் ஒருவர் தெருவின் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறார் என்பதைக் கண்டுகொள்ள ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டான். அதுவரை பரக்கத் அலி எனக்கு ஓர் இரும்புச் சத்தம். கட்டுரை திருத்துகையில் தலைவலி தரும் சத்தம்.

ஒருநாள் காலையில் குடையை ஊன்றிக்கொண்டு அருகில் போய் நின்று பார்த்தேன். தராசு உண்டெனில் நிறுக்கப்படும் பண்டமும் உண்டாதல் வேண்டும். இங்கே பண்டம் யாது என்பது எனக்கு விளங்கவில்லை. "என்ன பாய் நிறுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"என்ற கையை நிறுக்கறனுங்க" என்றார்.

குள்ளமான உருவம், நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய கைலி. தலையில் ஒரு தொப்பி. அது வெள்ளைத் துணியில் தைக்கப்பட்டது என்பது வரலாறு. பேசும்போது எதிரில் நிற்பவரைப் பார்க்கிறாரா, அவருக்குப் பின்னால் நிற்கும் வண்டியைப் பார்க்கிறாரா என்று தெரியாது. பெரும்பாலும் வண்டியைத்தான் பார்க்கிறார் என்பது என் முடிவு.

கையை நிறுக்கும் வழக்கம் வந்த கதையை அவரே சொன்னார். ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், நோன்பு மாதத்தில், அவர் இறுக்கியனுப்பிய வண்டிகளில் மூன்றின் சக்கர நட்டுகள் வழியில் தளர்ந்துவிட்டன. ஏனைய மாதங்களில் அவ்வாறு நிகழ்ந்ததே இல்லை. வேறொருவராக இருந்தால் நட்டைக் குறை கூறியிருப்பார். நானாக இருந்தால் டிரைவரைக் குறை கூறியிருப்பேன். அவர் எந்தெந்த வண்டியை எந்தெந்த வேளையில் இறுக்கினோம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறார். தளர்ந்தவை மூன்றும் பிற்பகலில் இறுக்கப்பட்டவை.

"காலையில இறுக்குனது நின்னுதுங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் இறுக்குனது ஆடிப்போச்சு. வயிறு காஞ்ச கை, இறுக்கிட்டேன்னு பொய் சொல்லியிருக்குது. நானும் நம்பியிருக்கறேன். சரின்னு பெருநாள் முடிஞ்சு நல்லாத் தின்னுபோட்டு வந்து இறுக்குனா, ரெண்டு போல்ட்டு ஒடிஞ்சு போச்சுங்க. நோம்புக் கை ஒண்ணு, பெருநாள் கை ஒண்ணு. நட்டுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியோணுமில்லீங்களா?"

நோன்பை விடவும் மனமில்லை, வேலையை விடவும் வழியில்லை. ஆகவே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பருத்திப் பொதி நிறுத்துக்கொண்டிருந்த பழைய வில் தராசு ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அன்று முதல் நட்டை இறுக்குவது அவர் கையன்று, முள்தான்.

ஆனால் முள் மட்டும் போதாது என்பதை அவர் எனக்கு விளக்கிய விதம் தனி. "உங்க ஊட்டுக் கதவை விளிம்புல ஒரு விரலால தள்ளிப் பாருங்க, தொறக்கும். அதே கதவைக் கீலுக்குப் பக்கத்துல தள்ளிப் பாருங்க. அப்புறம் வந்து பேசுங்க" என்றார். நான் முறையாகக் கற்பவன். வீட்டுக்குப் போய், கதவை விளிம்பில் ஆறு முறையும், நடுவில் ஆறு முறையும், கீலருகில் ஆறு முறையும் தள்ளிப் பார்த்தேன். கீலருகில் வியர்த்துவிட்டது. என் மனைவி நல்லம்மாள் அடுக்களை வாயிலிலிருந்து இதை வெகுநேரம் பார்த்திருக்கிறாள். "கதவு உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

நட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடித்து இழுக்கிறோம் என்பதும், எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பதும் சேர்ந்தால்தான் இறுக்கம். தூரம் இரு மடங்கானால் பாதி பலம் போதும். இதற்காக ஷெட்டிலுள்ள எல்லா ஸ்பானர்களிலும், நட்டின் நடுவிலிருந்து சரியாக ஒரு முழத்தில், அதாவது பதினெட்டு அங்குலத்தில், பரக்கத் அலி துளை போட்டிருக்கிறார். குட்டையான ஸ்பானர்களுக்கு இரும்புப் பட்டையால் வால் ஒட்டியிருக்கிறார். "ஒரு மொழத்துல நூறு ராத்தல்" என்றால் பின்சக்கர நட்டு. "ஒரு மொழத்துல நாப்பது" என்றால் எஞ்சின் தலைப் போல்ட்டு. கலிமாவைப் போலத் தடுமாறாமல் சொல்லுவார்.

பழக்கம் ஷெட்டோடு நிற்கவில்லை. திருகு மூடி போட்ட ஊறுகாய் ஜாடி ஒன்று அவர் வீட்டில் உண்டு. அதன் மூடியில் தோல்வாரைச் சுற்றித் தராசை மாட்டி, அவருடைய மனைவி மஸ்தான் பீவி எந்த நாளில் எவ்வளவு இறுக்கி மூடுகிறார் என்று அளந்து வைத்திருக்கிறார். "நாலு ராத்தல்னா ஊட்டுல சமாதானம். ஏழுக்குப் போச்சுன்னா அன்னிக்கு ஷெட்டுலயே இருந்துக்குவனுங்க."

இவ்வளவு பெரிய காரியத்துக்குத் தமிழில் ஒரு பெயரில்லையே என்பது என் கவலையாயிற்று. இரண்டு நாள் ஆராய்ந்து 'சுழல்விசை' என்ற சொல்லைப் படைத்துக்கொண்டு போனேன். பரக்கத் அலி அதை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாமென்றார். "சுத்துனா வேலை கெட்டுதுங்களே. சுத்தாம நிக்கறதுக்குத்தானுங்களே இத்தனையும் அளக்கறேன்" என்றார். சொல்லாராய்ச்சியில் எனக்கு இவ்வாறு விடைகொடுத்தவர் அதற்கு முன்னால் எவரும் இல்லை. இறுதியில் 'முறுக்கு' என்ற சொல்லில் இருவரும் உடன்பட்டோம். டீக்கடையில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டென்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. "பாய், முறுக்கு நாப்பது பார்சல்" என்று கண்டக்டர்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நான் எழுதப்போவது அவருடைய சிறப்பன்று, என் சிறப்பு.

அந்த மோட்டார் கம்பெனியின் முதலாளி காளியண்ணனுக்குச் சேலத்திலும் ஒரு ஷெட் உண்டு. பிற்பகலில் அங்கிருந்து கிளம்பும் வண்டிகளைக் கைலாசம் என்ற பிட்டர் பார்த்துக்கொள்கிறார். அங்கேயும் தராசு வைத்தே இறுக்க வேண்டுமென்று பரக்கத் அலி இரண்டு மாதம் முதலாளியை விடாமல் கேட்டிருக்கிறார். காளியண்ணன் சலிப்போடு இணங்கினார். புதிய தராசும் வந்தது. அதனுடன் அனுப்ப, எந்த நட்டுக்கு எவ்வளவு என்ற பட்டியல் வேண்டுமல்லவா? பரக்கத் அலிக்கு எண்கள் தெரியும், எழுத்துத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் கழுவிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

பதினேழு வகை நட்டுகள். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "பின்சக்கரம், ஒரு மொழத்துல நூறு ராத்தல். முன்சக்கரம், ஒரு மொழத்துல எம்பது ராத்தல். வில்லுக்கட்டு, ஒரு மொழத்துல எழுபது ராத்தல்." பதினேழு வரிகளிலும் 'ஒரு முழத்தில்' வந்தது. அவர் போனபின் செப்பம் செய்ய உட்கார்ந்தேன். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று படித்திருக்கிறேன். பிறருக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். அவற்றுள் மூன்றாவது, கூறியது கூறல். ஒரே தொடர் பதினேழு முறை வருவதை என் பேனா பொறுக்கவில்லை. பதினேழையும் அடித்தேன். எல்லா அளவும் ஒரு முழத்தில் கொள்க என்று அடியில் ஒரே குறிப்பாக எழுதிவிடலாமென்பது என் கருத்து. பிறகு நல்ல தாளில் படி எடுத்தேன். 'முறுக்கு அளவை அட்டவணை' என்ற தலைப்பைக் கொட்டை எழுத்தில், இருபுறமும் கொடி வரைந்து, எழுதினேன். அதனால் கீழே இடம் போதவில்லை. குறிப்புத்தானே, தானே விளங்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் குற்றத்துக்கு அஞ்சி நான் போய் விழுந்த குழி, அதே பட்டியலில் முதலாவதாக நிற்கும் குன்றக் கூறல் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது தாள்.

தாள் சேலத்துக்குப் போன ஒன்பதாம் நாள் அங்கிருந்து வந்துகொண்டிருந்த பிற்பகல் வண்டி, மல்லூரைத் தாண்டியதும் பின்சக்கரப் போல்ட்டுகள் எட்டில் ஐந்து ஒடிந்து, ஆமணக்குக் காட்டுக்குள் சாய்ந்து நின்றது. உள்ளே முப்பத்தோரு பேர். ஒருவருக்கும் அடியில்லை. வேகமாகப் போக அந்த வண்டிக்குக் கரி போதாமற்போனதே அதற்குக் காரணம்.

மறுநாள் காலை ஷெட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. போனபோது காளியண்ணன் பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். நாமக்கல் தராசு, சேலத் தராசு இரண்டும் கழற்றப்பட்டு அவர் காலடியில் கிடந்தன. பக்கத்தில் என் அட்டவணை. பரக்கத் அலி அடுப்புக் கரி மூட்டையருகே நின்றார். முதலாளி நடந்ததைச் சொன்னார். கைலாசத்தைக் கேட்டாயிற்றாம். அவர் ஒளிக்கவில்லை: நூறு ராத்தலென்று போட்டிருந்தது, நூறு ராத்தல் இழுத்தேன், முள் ஒரு கோடு கூடத் தாண்டவில்லை என்றாராம்.

"ஆறு வருசமா இந்த ஆளு தராசு தராசுன்னு வண்டியை நிறுத்தி வெச்சாரு. பொறுத்துக்கிட்டேன். இப்ப முப்பது பேரை ஆமணக்குக் காட்டுல எறக்கியாச்சு" என்றார் காளியண்ணன். "தராசு பழைய இரும்புக்குப் போகட்டும். பாய் வேற எடம் பாத்துக்கட்டும். உங்களைச் சாட்சிக்குத்தான் கூப்புட்டேன் வாத்தியாரே. இந்தக் காயிதத்துல இருக்கறது இவரு சொன்னதுதானுங்களா?"

பரக்கத் அலி அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஒருக்காப் படிக்கச் சொல்லுங்க மொதலாளி" என்றார்.

தாளை எடுத்தேன். வகுப்பில் படிக்கும் குரலில் தொடங்கினேன். "பின்சக்கரம், நூறு ராத்தல்."

"மொழம்?" என்றார் பரக்கத் அலி.

"முன்சக்கரம், எண்பது ராத்தல்."

"மொழம் எங்கீங்க வாத்தியாரே?"

மூன்றாவது வரிக்கு நான் போகவில்லை. கைலாசம் எந்த ஸ்பானரைக் கொண்டு இழுத்தார் என்று முதலாளியைக் கேட்டேன். பின்சக்கரத்துக்கு அங்கே எப்போதும் ஸ்பானரில் குழாய் செருகித்தான் இறுக்குவார்களாம். குழாயோடு சேர்ந்து ஏறக்குறைய மூன்று முழம். அந்தக் குழாயின் நுனியில் தராசை மாட்டி, மிகுந்த கவனத்தோடு, எழுதியிருந்தபடியே, நூறு ராத்தல் இழுத்திருக்கிறார். என்னை நம்பி மும்மடங்கு இறுக்கியிருக்கிறார்.

இந்த இடத்தில் என் படிப்பு எனக்கு உதவிக்கு வந்தது. "அச்சொல் விடுபட்டிருக்கிறது" என்றேன். செயப்பாட்டு வினையில் ஒரு வசதி உண்டு. செய்தவன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கருத்தா மறைந்துகொள்ளலாம்.

காளியண்ணன் இலக்கணம் படித்தவரல்லர். "ஆரு உட்டது?" என்று கேட்டார்.

பரக்கத் அலி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வண்டி எதுவும் இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நான்தான். அவர் பதினேழு முறையும் சொன்னார். நான் பதினேழையும் அடித்தேன்" என்றேன். காரணத்தையும் கூறினேன். கூறியது கூறல் என்பது குற்றமென்று பஸ் முதலாளி ஒருவருக்கு, ஒடிந்த போல்ட்டுகளின் நடுவில் நின்று விளக்குவது எத்தகைய அனுபவம் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

காளியண்ணன் எளிதில் நம்பவில்லை. வாத்தியார் பாய்க்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு சொல்லால் இரும்பு ஒடியுமா என்று கேட்டார். பரக்கத் அலி தராசொன்றை அவர் காலடியிலிருந்து எடுத்தார். நின்றிருந்த வண்டியின் நட்டொன்றில் ஸ்பானரை மாட்டி, முழத்துத் துளையில் கொக்கியைக் கோத்து, நூறு வரை இழுத்துக் காட்டினார். பிறகு ஸ்பானரில் நீண்ட குழாயைச் செருகி, அதன் நுனியில் தராசை மாட்டி, "நீங்களே இழுங்க மொதலாளி. நட்டு அசையப் பாக்கறப்ப நிறுத்திப்போடுங்க" என்றார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். முள் முப்பத்தைந்தைத் தொட்டபோதே நட்டு முனகியது. அவர் நிறுத்தினார். முள்ளைப் பார்த்தார். இன்னொரு நட்டில் இழுத்தார். அதுவும் முப்பத்தைந்தில் முனகியது.

தராசைப் பரக்கத் அலியின் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "தப்பு தராசுல இல்லீங்க. தமிழ்ல இருக்குது."

இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியத் தொழிலில் என் தமிழைக் குறித்து வந்த மதிப்புரைகளில் இதுவே சுருக்கமானது. திருத்துவதற்கும் இதில் ஒன்றுமில்லை.

பரக்கத் அலி வேலையில் இருக்கலாம் என்றும், சேலத்துக்குத் தராசு திரும்பவும் போகும் என்றும், ஆனால் புதிய பட்டியல் இப்போதே, தம் கண்ணெதிரிலேயே எழுதப்பட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு முதலாளி பெட்டியின்மேல் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். கொட்டை எழுத்தில் தலைப்பு வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

எழுதினேன். முதல் வரியில் 'ஒரு முழத்தில்' என்று எழுதியபோது கை கூசியது. ஏழாவது வரியில் கூச்சம் போய்விட்டது. பதினேழாவதை எழுதியபோது, அத்தொடர் ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு பொருள் தருவதாக எனக்குப் பட்டது. அது களைப்பின் விளைவாகவும் இருக்கலாம். பரக்கத் அலி ஒரு சொல் கூட என்னைக் குறைத்துப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நான் ஒரு வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன், நீளமான வாக்கியம். அதைத் தொடங்குவதற்குள் அவர் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

சேலத்துக்கு அனுப்பும் அட்டையில் நேரே ஒட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்; பசைக் கிண்ணமும் தயாராக இருந்தது. அவர் வண்டியின் முன்மூடிமேல் தாளை விரித்தார். "இதுல எதுங்க மொழம்?" என்று கேட்டார். முதல் வரியில் காட்டினேன். எண்ணெய்க் கறை படிந்த ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து, அந்த எழுத்துகளின் வடிவத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டாவது வரிக்கு இறங்கி, அதே வடிவத்தைத் தேடிப் பிடித்து விரலை வைத்தார். பிறகு மூன்றாவது. விரல் பட்ட இடத்திலெல்லாம் கறுப்பு ரேகை விழுந்தது. பதினோராவது வரியில் இடம் போதாமல் சொல்லை இரண்டாக உடைத்து, பாதியை அடுத்த வரியில் எழுதியிருந்தேன். அங்கே விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உடைந்த இரு பாதிகளையும் நான் தொட்டுக் காட்டினேன். அவர் இரண்டின்மேலும் ஒவ்வொரு முறை அழுத்திவிட்டுக் கீழே இறங்கினார். பதினேழாவது முழத்தைக் கண்டதும் விரலை அதன்மேல் ஊன்றினார். ஊன்றிய விரலை எடுக்காமலே, மறு கையை நீட்டிப் பசைக் கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டார்.